சும்மா இருந்த நேரத்தின் வரலாறு: சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் பையும் கூடையும்

2023ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் தொடங்கி, சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் தாம் கொடுக்கும் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்கி வருகின்றன. ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களையே அவ்விதி கட்டுப்படுத்துகிறது. 5 காசு பெரிய தொகையன்று. ஆயினும் அந்த 5 காசைக் கொடுக்க மனமில்லாமல் நம்மிற் பலர் வீட்டு அலமாரியின் அடித்தட்டைத் துழாவினோம். அங்கே ஒரு துணிப்பை கிடந்தது. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே தேடல் நடந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு அம்மாநிலம் 2019ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் தடை விதித்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் சென்னையில் தொடங்கப்பெற்றது.

'மீண்டும்' என்னும் சொல்லைச் சற்றே நிறுத்திப் பார்ப்போம். மீண்டும் வருவது எதுவாயினும் முன்பு இருந்திருத்தல் வேண்டும். அப்படியாயின், அந்த முந்தைய பையைச் செய்தவர் யார்? கடையில் வாங்கியதா, வீட்டில் தைத்ததா? எந்தத் துணியில், எந்த நேரத்தில்? சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பற்றி நூல்கள் பல உள. கோயில்கள், சங்கங்கள், தொழிற்சங்கப் போராட்டங்கள், இதழ்கள், பள்ளிகள் ஆகியன குறித்து நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். வீட்டுக்குள் கையால் செய்யப்பெற்ற பையையும் கூடையையும் பற்றி ஒரு தனி அதிகாரம் எழுதியவரைக் காண்பது அரிது. அந்த இடைவெளி எப்படி நேர்ந்தது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மொழியிலிருந்தே தொடங்குவோம், இவ்வவைக்கு அதுவே பொருத்தம். தமிழில் பை தைக்கப்படும்; கூடை முடையப்படும்; பாய் பின்னப்படும்; கயிறு திரிக்கப்படும்; பூ தொடுக்கப்படும்; பொட்டலம் மடிக்கப்படும். 'செய்தல்' என்ற ஒரே வினையில் இவற்றையெல்லாம் அடக்கிவிட நம் முன்னோர் ஒப்பவில்லை. விரல்கள் எவ்வாறு அசைகின்றனவோ அதற்கேற்ப ஒரு வினைச்சொல் இருந்தது. இன்று மாணவர் ஒருவர் 'கூடை செய்தாள்' என்று எழுதினால் அதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால், முடைதலைக் கண்ணால் கண்டிராத தலைமுறை அது என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது.

பெயர்ச்சொற்களோ கடலையும் தாண்டியிருக்கின்றன. மலாய்மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'பெத்தி' தமிழிலிருந்து சென்றது என்பது மொழியியலார் பலரும் ஏற்கும் செய்தி. சணல் சாக்கைக் குறிக்கும் நம் 'கோணி' வடமொழியிலும் உறவுடைய சொல். இந்தியத் துறைமுகங்களிலிருந்து அரிசியும் பருப்பும் ஏறிய சாக்குகளோடு அச்சொல்லும் கப்பலேறி, மலாயில் 'குனி' ஆயிற்று. அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்தில் ஊதுகுழலை அமுக்கிக்கொண்டு பழைய துணியும் செய்தித்தாளும் வாங்க வரும் 'காரோங் குனி'க்காரரின் பெயரில் நம் கோணி இன்றும் உள்ளது.

இனி மனிதர்களிடம் வருவோம். 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளையோடு துணிக்கடையும் வைத்தார் என்பதை நாம் அறிவோம். சிங்கப்பூர்த் தமிழரின் முதல் வணிகங்களுள் துணி வணிகமும் ஒன்று. ஆனால் விற்ற துணியை வீட்டில் தைத்துப் பார்க்க அன்று குடும்பங்கள் மிகக் குறைவு. வந்தவர் பெரும்பாலும் ஆடவர். 1930களின் தொடக்கத்திற்கூட இங்கிருந்த இந்தியருள் ஏறத்தாழ ஐந்து ஆடவர்க்கு ஒரு பெண் என்பதே கணக்கு. ஆகவே, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, சிங்கப்பூர்த் தமிழரின் வீட்டுக் கைவினை என்பது பெரும்பாலும் சிங்கப்பூரில் நடக்கவேயில்லை. அது கடலின் மறுகரையில், ஊரில் விடப்பட்ட மனைவியரின் கைகளில் நடந்தது.

இதற்குத் தெளிவான சான்று செட்டிநாட்டுக் கொட்டான். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. தேங் சாலையில் 1859இல் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் உள்ளது. கிட்டங்கி என்பது கடையும் உறைவிடமும் ஒன்றாய் இருந்த நீண்ட கூடம். அங்கே ஒவ்வொருவர்க்கும் ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டியே அலுவலகம். கடைநிலை ஊழியனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்றே பெயர். மூன்றாண்டுக் கணக்கு என்னும் முறையில் ஆடவர் தனித்து வந்து, கணக்கு முடித்து ஊர் திரும்பி, மீண்டும் வந்தனர்.

அந்த மூன்றாண்டுகளில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளில் ஆச்சிமார் என்ன செய்தனர்? வீட்டை நடத்தினர், வட்டிக்கணக்குப் பார்த்தனர், திருமணங்களை முடித்தனர். இவற்றுக்கிடையே கொட்டான் முடைந்தனர். பனங்குருத்தோலையைக் கிழித்து, சாயமேற்றி, நான்மூலை அடியும் வட்ட வாயுமாகச் சிறு கூடை முடைவது அக்கலை. அதன்மேல் நூலால் கொக்கிப் பின்னல் உறை போட்டு, கண்ணாடிப் பாசிமணி கோப்பதும் உண்டு. திருமணத்திலும் சடங்கிலும் சீர்ப்பொருள்களும் தாம்பூலமும் கொட்டானில்தான் வைக்கப்பட்டன. ஒரு திருமணத்துக்கு எத்தனை கொட்டான் வேண்டியிருக்கும் என்பதைச் செட்டிநாட்டு வீடுகளின் அளவைக் கொண்டே ஊகிக்கலாம். பல ஆண்டுகள் முன்னதாகவே முடைந்து அடுக்கிவைக்காமல் அது நடவாது.

ஆடவரின் மூன்றாண்டுக்கு எழுத்து வடிவில் சான்று உள்ளது. பேரேடு, குறிப்பேடு, கடிதம், பற்றுச்சீட்டு என்று அடுக்கடுக்காய் இருந்தது. ஆய்வாளர்களும் அவற்றைத் தேடிப்போகின்றனர். பெண்டிரின் அதே மூன்றாண்டுக்குச் சான்று பனையோலையில் இருந்தது. ஓலை உளுத்துப்போகும். நூலுறையும் மணியும் எஞ்சினாலும் அவற்றில் தேதியோ பெயரோ இல்லை. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களில் இடிக்கப்பட்டபோது சிங்கப்பூரில் அதைப் பற்றி எழுதப்பட்டது. கொட்டான் முடைதல் ஏறத்தாழ அதே தலைமுறையில் ஊர்களில் மங்கியபோது அதைக் கவனித்தவர் மிகச் சிலரே. பின்னர் 2000ஆம் ஆண்டில் விசாலாட்சி ராமசாமி அவர்கள் தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை அக்கலையைக் கிராமப் பெண்களுக்குக் கற்பித்து மீட்டது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். விற்பனைப் பொருளான பின்னரே கொட்டான் ஆவணத்துக்குள் வந்தது. ஆச்சிமார் தம் பெண்ணின் திருமணத்துக்காக முடைந்த காலமெல்லாம் அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இப்பக்கக் கரைக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் குடும்பங்கள் மெல்ல மெல்ல வரலாயின. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை தமிழகத் துறைமுகங்களுக்கும் மலாயா, சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதில் வந்த பெண்களின் தகரப் பெட்டிக்குள் புடவை இருந்தது; புடவைதான் அவர்கள் கொண்டுவந்த மூலப்பொருள். புடவை கிழிந்தால் தூளியாகும். தூளி நைந்தால் பையாகும், அணையாடையாகும். பிறகு கைப்பிடித் துணி, இறுதியில் திரி. இங்கே வந்தபின் அயல்வீட்டு மலாய்க் குடும்பத்தில் கைலியைக் கட்டிக் குழந்தையை ஆட்டும் 'புவாயான்' தொட்டிலைக் கண்டபோது அவர்களுக்கு அது அயலாகத் தோன்றியிராது. அதில் சுருள்வில் மாட்டி ஆட்டும் வழக்கத்தை நம்மவரும் எடுத்துக்கொண்டனர். அதேபோல், திருமணப் பந்தலுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் பின்னத் தெரிந்த விரல்களுக்கு நோன்புப் பெருநாள் 'கெத்துப்பாட்' உறை புரியாத புதிரன்று.

சிராங்கூன் சாலை வட்டாரமே ஒரு வகையில் கூடைகளின் வட்டாரம். தேக்கா என்னும் பெயர் மூங்கிலால் வந்தது; சிறு மூங்கில்கள் வளர்ந்த இடம் என்னும் பொருளில் சீனர் வைத்த பெயர் அது. 1915இல் கட்டப்பெற்ற பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையிலும் சரி, 1982இல் அதற்குப் பதிலாக எழுந்த புதிய கட்டடத்திலும் சரி, நம்மவர் அப்பெயரை விடவில்லை. மாட்டு வணிகமும் எண்ணெய்ச் செக்கும் அன்னாசி ஆலையும் இருந்த அவ்வட்டாரத்தில் பிரம்பு வேலைப்பட்டறைகளும் இருந்தன. பிரம்பு என்றதும் நம் மாணவர் சிலர்க்குப் பள்ளியின் வேறொரு நினைவு வரலாம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் 'ரோத்தான்' என்றாலே அதுதானே! சந்தைக்குப் போன பெண்ணின் கையில் இருந்தது பிரம்புக்கூடை. மீனைப் பாக்குமட்டையிலோ செய்தித்தாளிலோ கட்டி, புல்லால் முடிந்து, கூடைக்குள் வைத்துக் கொடுத்தனர். கூடை பட்டறையில் முடைந்ததாகவே பெரும்பாலும் இருந்தது. ஆனால் அதன் அடிக்குத் துணி தைத்துப் போடுவதும், அறுந்த பிடிக்குக் கந்தல் சுற்றுவதும், இற்றுப்போன பின் அதை வெங்காயம் காயவைக்கப் பயன்படுத்துவதும் வீட்டு வேலை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் துணி என்பது கிட்டாப்பொருள் ஆயிற்று. கோணிச்சாக்கை உடுத்த கதையை மலாயா, சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் கேட்கலாம். சாக்கைப் பிரித்து நூல் எடுத்து, அந்நூலாலேயே அதனை மறுபடி தைத்தவர்கள் அவர்கள். நம் மொழியில் கோணி என்றால் மூட்டை. அந்நாளில் அது சட்டையாகவும் போர்வையாகவும் ஆனது.

அதே காலத்தில், அதே ஊரில், சாங்கி சிறைக்குள் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது தமிழர் வரலாறன்று; ஆனால் நம் கேள்விக்கு அதைவிட நல்ல ஒப்பீடு இல்லை. 1942 மார்ச்சில் ஏறத்தாழ 400 பெண்களும் குழந்தைகளும் அங்கே அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் ஐரோப்பியரும் யுரேசியரும் ஆவர். ஆடவர் வேறு பகுதிகளிலும் முகாம்களிலும் வைக்கப்பட்டிருந்தனர். கணவன் இருக்கிறானா, மகன் இருக்கிறானா என்று தெரியாத நிலை. கனடாவைச் சேர்ந்த எத்தெல் மல்வனி என்பவர் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சிறு சதுரத் துணி கொடுத்து, தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதில் ஊசியால் வரையச் சொன்னார். கூடவே தன் பெயரையும் தைக்கச் சொன்னார். சதுரங்களை 66, 66ஆக இணைத்து மூன்று ஒட்டுப் போர்வைகள் உருவாயின. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியக் காயமுற்றோர்க்கு ஒவ்வொன்று என்று சொல்லி அவை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. உள்நோக்கம் வேறு: போர்வையைக் காண்போர் பெயரைப் படிப்பர், படித்தால் 'அவள் உயிரோடு இருக்கிறாள்' என்ற செய்தி போய்ச்சேரும்.

அதற்கும் முன்னரே, அதே சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் நடத்திய சாரணியர் குழுவின் சிறுமியர் அறுகோணத் துண்டுகளால் ஒரு போர்வை தைத்துத் தம் தலைவியின் பிறந்தநாளுக்குப் பரிசளித்திருந்தனர். நூலுக்குப் பழைய ஆடைகளைப் பிரித்தனர். இன்று அப்போர்வைகளுள் இரண்டு கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். சிறுமியர் தைத்தது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில். யார் எந்தச் சதுரத்தைத் தைத்தார் என்று ஆய்வாளர் ஒவ்வொன்றாய்த் தேடி எழுதியுள்ளனர்.

அப்படித் தேட முடிந்ததற்குக் காரணம் எளிது: பெயர் தைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டுகளில் சிறைக்கு வெளியே கோணியைப் பிரித்துத் தன் பிள்ளைக்கு உடை தைத்த தமிழ்ப் பெண்ணின் தையல் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அவள் தன் பெயரைத் தைக்கவில்லை. தைக்க வேண்டும் என்ற எண்ணமே எழ வாய்ப்பில்லை. பிள்ளைக்குத் தெரியும், தைத்தது அம்மா என்று. அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கு?

போருக்குப் பின் வந்த காலத்தில் தமிழர் குடும்பங்களின் கைவேலை ஒன்று வீட்டிலிருந்து நேரே தெருவுக்கு வந்தது. நகரம் முழுவதும் அதைக் கையில் வாங்கியது. கச்சாங் பூத்தே பொட்டலத்தைச் சொல்கிறோம். கொண்டைக்கடலை, பட்டாணி, நிலக்கடலை, முறுக்கு, சீனிப்பாகு பூசிய கடலை என்று அறையறையாய்ப் பிரித்த மரத்தட்டைத் தலையில் சுமந்தோ தள்ளுவண்டியில் வைத்தோ விற்ற வணிகர்களுட் பெரும்பாலோர் தமிழர். இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஈப்போ, புந்தோங் குடியிருப்பினரின் முன்னோர் எட்டயபுரப் பகுதியிலிருந்து வந்தோர். சிங்கப்பூரிலும் பள்ளி வாயில்களிலும், 1946இல் திறக்கப்பெற்ற மெக்கென்சி சாலை ரெக்ஸ் போன்ற திரையரங்குகளின் முன்னும் அவர்களைக் காண முடிந்தது.

கடலை கெட்டுப்போகாமல் வறுப்பதில் அவர்கள் திறமை எல்லார்க்கும் தெரியும். நாம் பார்ப்பது காகிதத்தை. பழைய தொலைபேசி விவரத்திரட்டு, பயிற்சிப்புத்தகம், செய்தித்தாள் இவற்றின் தாளை ஒரு மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டினால் கூம்பு. நுனியை மடித்துவிட்டால் பசையே வேண்டாம். கடலையின் எடையே சுருளை இறுக்கிப் பிடிக்கும். தாள் பெரிதாயின் கடலை அதிகம் போய்விடும். சிறிதாயின் வாங்குபவர் முகம் சுளிப்பார். எனவே, தாளை எந்த அளவில் கிழிப்பது என்பதே ஒரு கணக்கு. 5 காசுக்கும் 10 காசுக்கும் வேறு வேறு கூம்பு. பகலெல்லாம் தெருவில் நிற்பவர் அங்கேயே தாள் கிழித்துக்கொண்டிருக்க இயலாது. முதல்நாள் இரவே வீட்டில் கிழித்து அடுக்கியாக வேண்டும். வறுத்தலும் சுத்தம் செய்தலும் போலவே இதுவும் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை. மளிகைக்கடைகளுக்குச் செய்தித்தாளை மடித்து மாவுப்பசையால் ஒட்டிப் பை கொடுத்த குடும்பங்களும் சீனர், தமிழர் எனப் பல இனத்திலும் இருந்தன. கட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

பயிற்சிப்புத்தகத் தாளில் பொட்டலம் வாங்கியோர் கடலை தின்று முடித்தபின் அதில் எழுதியிருந்ததைப் படித்ததுண்டு. முன்பின் அறியாத மாணவனின் கணக்கும் அதற்கு ஆசிரியர் இட்ட சிவப்புக் குறியும் தெரியும். படித்துவிட்டு எறிந்துவிடுவோம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் இவ்வூரார் கையில் ஏறி இறங்கிய இந்தப் பைகளுள் ஒன்றையேனும் எடுத்துவைக்க வேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றும்?

தையல் இயந்திரம் வந்ததும் வீட்டுக் கைவேலையின் கணக்கு மாறியது. சிங்கர் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தவணை முறையில் இயந்திரம் விற்கும் வழக்கத்தைத் தொடங்கியிருந்தது. ஆசிய நகரங்களிலும் அம்முறையே அதனை எளிய வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. 1960இல் மக்கள் கழகம் அமைந்தபின் சமூக நிலையங்களில் தையல், சமையல் வகுப்புகள் பெருகின. அதே ஆண்டில் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடும்பங்களை அடுக்குமாடிக்கு மாற்றியது. கம்பத்து வீட்டின் திண்ணை போய், கூடத்தின் மூலையில் தையல் இயந்திரம் நின்றது. தீபாவளிச் சட்டை தைத்தபின் எஞ்சிய வெட்டுத்துணிகள் பள்ளிப் பையாகவும், சுருக்குப்பையாகவும், தலையணை உறையாகவும் ஆயின. கோதுமை மாவு வந்த வெள்ளைத் துணிமூட்டை மட்டும் எதற்கும் பயன்படும். பலமுறை துவைத்தாலும் அதில் அச்சிட்ட எழுத்து போகாது. அம்மூட்டையில் தைத்த காற்சட்டையை அணிந்து பள்ளிக்குச் சென்றவர்கள் இன்று தாத்தாக்களாக இருக்கின்றனர்.

பள்ளியும் இதிற் பங்குகொண்டது. 1960களின் இறுதியில் தொழில்நுட்பப் பாடங்களுக்கு அரசு முதன்மை தந்தபோது, உயர்நிலைக் கீழ்வகுப்பு மாணவியருட் பாதிப்பேர் தையலை விட்டு உலோக, மரவேலைக்குச் சென்றனர். 1980களின் நடுவில் காற்று திசைமாறி, இல்லப் பொருளியல் மாணவியர்க்குக் கட்டாயமாயிற்று. 1990களின் பிற்பகுதியில் இருபாலர்க்கும் பொதுவாயிற்று. ஊசியைப் பிடிப்பது பெண்ணுக்கு மட்டுமா என்ற கேள்விக்கு ஒரே தலைமுறைக்குள் மூன்று விடைகள்!

இனி, இவ்வுரையின் தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருவோம். சிங்கப்பூரில் பணிக்குச் செல்லும் வயதுப் பெண்டிருள் வேலையில் ஈடுபட்டோர் 1970இல் ஏறத்தாழ 30 விழுக்காடு. 1980இல் 44 விழுக்காடு. வளர்ச்சியைக் காட்டும் எண்கள் என்று பாடநூல்கள் இவற்றைச் சரியாகவே எடுத்துக்காட்டுகின்றன. ஆனால் எஞ்சிய பெண்டிரை மக்கள்தொகைக் கணக்கு எந்தப் பெயரால் குறித்தது? 'பொருளியல் வகையில் செயற்படாதோர்' என்று. காலையில் சமைத்து, துவைத்து, பிற்பகலில் நான்கு பை தைத்து, மாலையில் பூத்தொடுத்து, இரவில் பொட்டலத் தாள் கிழித்த பெண் அந்தக் கணக்கில் செயற்படாதவள். கணக்கெடுப்போரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. உலகெங்கும் அக்காலக் கலைச்சொல் அதுவே. நம்மை வியக்கவைப்பது வேறொன்று. நம் வீட்டு மூதாட்டியரிடம் சென்று, 'இந்தப் பையை எப்போது தைத்தீர்கள், பாட்டி?' என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை: 'சும்மா இருந்த நேரத்தில் தைத்தது.' அரசாங்கம் ஆங்கிலத்தில் எழுதியதையே அவர் தமிழில் சொல்கிறார். தம் உழைப்பைத் தாமே கணக்கில் சேர்க்காத ஒருவரின் வரலாற்றை ஆவணக் காப்பகம் மட்டும் எவ்வாறு சேர்க்கும்?

1970களில் நெகிழிப்பை மலிவாகக் கிடைத்தது. சந்தைக்கூடை மெல்ல வீட்டிலேயே தங்கிற்று. ஈரம் ஒழுகாத, எடையில்லாத, இலவசமான பை வந்தபோது தைத்த பையைத் தூக்கிச் செல்வது வறுமையின் அடையாளமாகத் தோன்றியது. தமிழ்நாட்டில் மஞ்சள் பையோடு நகருக்கு வருபவரை ஏளனமாய்ப் பார்த்த வழக்கும் இதன் உடன்பிறப்பே. வரலாற்றுக்கு நகைச்சுவை உண்டு: இலவசப் பைக்குக் காசு வந்துவிட்டது, மஞ்சப்பைக்கு மதிப்பு வந்துவிட்டது.

நெகிழி கைவேலையை முற்றாக அழித்தது என்றும் சொல்லிவிட முடியாது. அதே நெகிழியைக் கம்பியாக இழுத்துச் சுருளாக விற்றபோது தமிழ்ப் பெண்கள் அதனை ஒயர்கூடை ஆக்கினர். 1970, 80களில் தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறையென்றால் ஒயர்கூடை போடுவதும் ஒரு பாடம். 'சிவன் கண்', 'நெல்லிக்காய்', 'பிஸ்கட்' என்று முடிச்சுகளுக்குப் பெயர்கள். கோயிலும் மரமும் ரொட்டியும் ஒரே கூடையில் சேர்ந்திருப்பதைப் பாருங்கள். எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் கூடி வைத்த பெயர்களல்ல அவை. முதலில் ஒயரை முழம்போட்டு வெட்ட வேண்டும். அடிப்பாகத்து முடிச்சுகளின் எண்ணிக்கையே கூடையின் அளவை முடிவுசெய்யும். பக்கங்கள் எழுந்தபின் குழாயைச் சுற்றிப் பிடி போட வேண்டும். அளவு தவறினால் பாதியில் ஒயர் போதாது, பிரித்துத்தான் ஆகவேண்டும். எழுத்தில் இதற்குக் கையேடு பார்த்துக் கற்றவர் சிலரே. பெரும்பாலோர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள்.

1990களுக்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களோடு இக்கலை சிங்கப்பூர் அடுக்குமாடிகளுக்கும் வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீட்டிலிருந்தே நடத்தும் சிறுதொழிலுக்கு, அயலார்க்கு இடையூறில்லாத அளவில், இடம் தருகிறது. தையல், கைவினை, கொலுவுக்கான அலங்காரப் பொருள் என்று பலவும் அவ்வாறு நடைபெறுகின்றன. தாம்பூலப்பை தைத்துக் கொடுப்போரும் உண்டு. அந்தப் பையின்மேல் மணமக்கள் பெயர் இருக்கும். திருமண நாள் இருக்கும். சில வேளை மண்டபத்தின் பெயரும் இருக்கும். தைத்தவர் பெயருக்கு அதில் இடமில்லை. 1942இல் சாங்கியில் தைக்கப்பட்ட சதுரங்களை நினைத்துக்கொண்டு இப்பையைப் பார்த்தால் நாம் சொல்லவந்தது விளங்கும்.

2015ஆம் ஆண்டு மே மாதம் கேம்பல் லேனில் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்குள்ள நகைகளையும் சிற்பங்களையும் காட்டியபின், அதே தெருவில் இறங்கி பஃபலோ ரோடு வரை நடந்து செல்லுங்கள். பூக்கடைகளில் நார் கொண்டு கட்டும் விரல்களை ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். மல்லிகையோடு ஆர்க்கிட் மலரும் சேர்ந்து மாலையாவது இவ்வூரில் காணும் வழக்கம்; அந்தச் சேர்க்கையை முதலில் செய்தவர் யார் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. பிறகு வீட்டுப்பாடமாக, வீட்டிலுள்ள மிகப் பழைய பை ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். துணி எதிலிருந்து வந்தது, எந்த ஆண்டு, என்ன தையல், பிடி எத்தனை முறை மாற்றப்பட்டது, தைத்தவரின் முழுப்பெயர் என்ன? கடைசிக் கேள்விக்கு 'பாட்டி' என்று எழுதினால் மதிப்பெண் தரவேண்டாம். பல பிள்ளைகளுக்குப் பாட்டியின் பெயர் தெரியாது, கேட்டுவந்து எழுதட்டும்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இவ்வூர் மக்களின் குரலைப் பதிவுசெய்து வருகிறது. போர், பள்ளி, தொழில், கம்பத்து வாழ்க்கை என்று கேள்விகள் செல்லும். அப்பதிவுகளைக் கேட்கும்போது, வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போகையில், அம்மா தைத்த பை, ஆயா முடைந்த விசிறி என்று ஒரு தொடர் இடையில் வந்து போவதுண்டு. பேசுபவர் அங்கே நிற்பதில்லை. அடுத்த செய்திக்குச் சென்றுவிடுவார். வரலாற்று மாணவர் அங்கே நின்று, அந்த இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ளலாம்.

காரோங் குனிக்காரர் இன்னும் நம் புளோக்குகளுக்கு வருகிறார். பழைய துணிக்கு அவர் தருவது சில காசுகளே. நைந்த புடவையும் அதில் தைத்த பையும் ஒன்றாகவே அவருடைய சாக்குக்குள் போகின்றன.